‘அட்’, ‘இன்’, ‘ஆன்’: ஆட்டக்காரர் நிற்கும் இடத்தை ஆங்கிலத்தில் எழுதப் பழக்கும் ஓர் இணைய வகுப்பு

நான் பணிபுரியும் கல்லூரியின் உடற்கல்வித் துறையில், பிற கல்லூரி அணிகளோடு நடக்கும் ஆட்டங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்க அறிக்கை எழுதி அனுப்பும் பொறுப்பு ஆறு ஆண்டுகளாக என்னுடையது. ஆட்டம் எனக்குத் தெரியும். ஆங்கிலமும் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரியும். ஆயினும், கிரிக்கெட்டில் பேட் பிடிப்பவருக்கு மிக அருகே உள்ள ஷார்ட் லெக் என்ற இடத்தில் நின்ற மாணவர் கேட்ச் பிடித்தார் என்று எழுதப் புகும்போது, ஷார்ட் லெக்குக்கு முன்னால் ‘அட்’ போடுவதா, ‘இன்’ போடுவதா, நடுவில் ‘த’ (the) வேண்டுமா வேண்டாமா என்ற இடத்தில் கை நின்றுவிடும். பள்ளி இலக்கணப் புத்தகங்களில் மேசைமேல் இருக்கும் பேனாவுக்கும் பெட்டிக்குள் இருக்கும் பந்துக்கும் விடை உண்டு. கிரிக்கெட் மைதானத்தில் கல்லி என்ற இடத்தில் நிற்பவருக்கு இல்லை. ஆகவே, விளையாட்டு ஆங்கிலத்துக்கென்றே நடத்தப்படும் ஓர் இணைய வகுப்பில் 2,400 ரூபாய் கட்டிச் சேர்ந்து, ஆறு வாரம் படித்து முடித்தேன். நடத்துபவர்களின் பெயரை எழுதப்போவதில்லை. இதுபோன்ற வகுப்பு எதில் சேர நினைப்பவருக்கும் எதைப் பார்த்துப் பணம் கட்டலாம் என்று தெரிந்தால் போதும்.

கட்டணத்துக்குக் கிடைப்பவை பன்னிரண்டு பதிவுசெய்த பாடங்கள், 140 பக்கங்கள் கொண்ட ஒரு மின்வடிவப் பயிற்சி நூல், சனிக்கிழமை மாலைதோறும் ஒரு மணி நேர நேரடி வகுப்பு ஆகியவை. ஆசிரியர்கள் இருவர்: ஒருவர் இங்கிலாந்துக்காரர், மற்றவர் அமெரிக்கர். கிரிக்கெட், கால்பந்து, ரக்பி, பாஸ்கெட்பால், பேஸ்பால் ஆகிய ஐந்து ஆட்டங்களிலிருந்தே எடுத்துக்காட்டுகள் வருகின்றன. முதல் இரண்டு பாடங்கள் ஆட்டக்காரர்களின் பெயர்ப்பட்டியல்தான். ஆட்டம் தெரிந்தவர்கள் அவற்றைத் தாண்டிச் சென்றாலும் இழப்பில்லை.

மூன்றாம் பாடம் வேறு தரத்தது. இங்கிலாந்து ஆசிரியர் விதி எதையும் சொல்லாமல் ஒரு வெற்று மைதானத்தை வரைகிறார். அதில் ஒரு புள்ளி வைத்து ‘அட்’ என்கிறார். ஒரு பரப்பை நிழலிட்டு ‘இன்’ என்கிறார். விளிம்பில் ஒரு கோடு இழுத்து ‘ஆன்’ என்கிறார். பிறகு ஒவ்வொரு ஆட்டமாக எடுத்து, எந்த இடத்தை ஆங்கிலம் புள்ளியாகப் பார்க்கிறது, எதைப் பரப்பாகப் பார்க்கிறது, எதை விளிம்பாகப் பார்க்கிறது என்று காட்டிக்கொண்டே போகிறார். லெஃப்ட் பேக் ஒரு புள்ளி; ஆகவே ‘அட் லெஃப்ட் பேக்’. நடுக்களம் ஒரு பரப்பு. ஆகவே ‘இன் மிட்ஃபீல்ட்’. விங் என்பது பக்கக்கோட்டை ஒட்டிய விளிம்பு. ஆகவே ‘ஆன் த விங்’. எல்லைக் கோட்டருகே நிற்பவர் ‘ஆன் த பௌண்டரி’; மாற்று ஆட்டக்காரர் உட்காரும் பலகைக்கும் ‘ஆன் த பெஞ்ச்’தான். ரக்பியில் நான்காம், ஐந்தாம் எண் சட்டை அணிந்தவர்களை ‘அட் லாக்’ என்றும் சொல்லலாம், ‘இன் த செகண்ட் ரோ’ என்றும் சொல்லலாம். ஆள் அதே ஆள், நிற்கும் இடமும் அதே இடம். முதலாவது அந்த இடத்தின் பெயரைப் புள்ளியாக்குகிறது, இரண்டாவது ஆட்களின் வரிசையைப் பரப்பாக்குகிறது. இந்த ஒரு எடுத்துக்காட்டுக்கே கட்டணத்தில் பாதியைக் கொடுக்கலாம்.

தமிழருக்கு இந்தப் பாடம் ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்பதை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. நாம் ‘ஸ்லிப்பில் நிற்கிறார்’, ‘விங்கில் ஆடுகிறார்’, ‘மூன்றாம் இடத்தில் இறங்கினார்’, ‘பெஞ்சில் இருக்கிறார்’ என்று எல்லாவற்றையும் ‘இல்’ என்ற ஒரே உருபில் முடித்துவிடுகிறோம். இத்தனைக்கும் நன்னூல், ஏழாம் வேற்றுமைக்குக் கண், கால், கடை, இடை, தலை, வலம், இடம், மேல், கீழ் என்று 28 உருபுகளை அடுக்குகிறது. ஒரு ஃபீல்டிங் வரைபடத்தை எழுத அவையே போதும் என்று வேடிக்கையாகத் தோன்றியதுண்டு. ஆனால் இன்றைய உரைநடையில் நம் கைக்கு வருவது ‘இல்’ மட்டுமே. எனவே ஆங்கிலத்துக்குப் போகும்போது மூன்று கதவுகளில் எதைத் திறப்பது என்று தெரியாமல், பழக்கத்தால் ‘இன்’ என்ற கதவையே தட்டுகிறோம். என் பழைய அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தேன்: பாயிண்டில் நின்றவர், மிட் ஆனில் நின்றவர், ஃபைன் லெக்கில் நின்றவர் அனைவரும் ‘இன்’ ஆகவே நின்றிருந்தார்கள்.

கிரிக்கெட்டுக்கு இரண்டு பாடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள், இரண்டும் சிறப்பானவை. ஒரே சொல் ஒருமையில் புள்ளியாகவும் பன்மையில் பரப்பாகவும் மாறுவதை அவை நன்றாக விளக்குகின்றன. விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில் தனியொருவர் நின்றால் ‘அட் ஸ்லிப்’, வரிசையில் முதலாமவர் ‘அட் ஃபர்ஸ்ட் ஸ்லிப்’; வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் சேர்ந்த பகுதி ‘இன் த ஸ்லிப்ஸ்’. அதுபோல ‘அட் கவர்’, ‘இன் த கவர்ஸ்’. ஒருமையில் ‘த’ விழுந்துவிடுகிறது, பன்மையில் திரும்பி வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். எங்கள் தலைமுறைக்கு முந்தியவர்கள் இன்றும் பேசும் இந்திய ஆட்டக்காரர் ஏக்நாத் சோல்கர், 27 டெஸ்டுகளில் 53 கேட்ச் பிடித்தவர். அவற்றில் பலவற்றை அவர் பிடித்தது ‘அட் ஃபார்வர்ட் ஷார்ட் லெக்’. அவ்விடத்தில் ‘இன்’ போட்டால், பேட்டை ஒட்டி அவர் குனிந்து நின்ற அந்த ஒரு முழ இடம், யாரோ உலாவிக்கொண்டிருந்த ஒரு வட்டாரமாகிவிடும். விக்கெட் கீப்பருக்கு மூன்றில் எதுவும் பொருந்தாது; அவர் ‘பிஹைண்ட் த ஸ்டம்ப்ஸ்’. அவர் செய்யும் வேலையைச் சொல்லும்போது ‘கீப் விக்கெட்’ என்று ‘த’ இல்லாமல் வரும்.

பேட்டிங் வரிசையை எழுதும் முறையிலும் நான் ஒன்று கற்றேன். ஒருவர் யார் என்பதும் அன்று அவர் எங்கே ஆடினார் என்பதும் வேறு வேறு செய்திகள். ஆங்கிலம் முதலாவதைப் பெயர்ச்சொல்லாலும் இரண்டாவதை வினையோடு சேர்ந்த ‘அட்’டாலும் சொல்கிறது. பயிற்சி நூல் இதற்குக் கற்பனைப் பெயர்களில் எடுத்துக்காட்டுத் தருகிறது. அவை மனத்தில் ஒட்டவில்லை. சேப்பாக்கத்தில் 1983 டிசம்பரில் நடந்த டெஸ்டை நினைத்துக்கொண்டால் ஒட்டும். சுனில் கவாஸ்கர் ‘அன் ஓப்பனர்’. ஆனால் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் அவர் ‘பேட்டட் அட் நம்பர் ஃபோர்’. ரன் எதுவும் எடுக்குமுன்னரே இரண்டு விக்கெட்டுகள் விழுந்துவிட்டதால், நான்காமவராக வந்தும் அவர் அணியின் கணக்கைப் பூஜ்யத்திலிருந்தே தொடங்க நேர்ந்தது. ஆட்டமிழக்காமல் 236 எடுத்தார். அது அவருடைய 30ஆவது டெஸ்ட் சதம். ஓப்பனர் என்ற அடையாளம் நான்காம் இடத்துக்குப் போனதால் மாறுவதில்லை. இதே வேறுபாட்டை வினையின் காலமும் காட்டும். ஜெர்மானியக் கால்பந்து ஆட்டக்காரர் ஃபிலிப் லாம் போன்ற ஒரு ரைட் பேக்கைப் பயிற்சியாளர் நடுக்களத்துக்கு மாற்றினால், ‘பிளேஸ் அட் ரைட் பேக்’ என்பது அவருடைய வழக்கம். ‘இஸ் பிளேயிங் இன் மிட்ஃபீல்ட் டுநைட்’ என்பது இன்றைய ஏற்பாடு.

இங்கே நம் ஊர் வழக்கு ஒன்று குறுக்கே வருகிறது. மூன்றாமவராக இறங்குவதை நாம் ‘ஒன் டவுன்’ என்போம். தெருவில் ஆடும் பையனுக்கும் அது தெரியும். என் மாணவர் ஒருவர் அதை அப்படியே வினையோடு ஒட்டி, ‘கேம் ஒன் டவுன்’ என்று எழுதிக் கொண்டுவந்தார். ‘கேம் இன் அட் நம்பர் த்ரீ’ என்றோ ‘கேம் இன் அட் ஃபர்ஸ்ட் டிராப்’ என்றோ எழுத வேண்டும் என்று திருத்தினேன். “அப்ப ஒன் டவுன் தப்பா சார்?” என்று கேட்டார். பேச்சில் தவறில்லை, அறிக்கையில் வேண்டாம் என்றேன். இத்தகைய உள்ளூர் வழக்குகளை எதிர்பார்த்து எழுதப்பட்ட வகுப்பு இதுவன்று.

ஆறாம் பாடம், ‘அட்’, ‘இன்’ போன்ற முன்னிடைச்சொல்லே இல்லாமல் இடத்தைச் சொல்லும் முறையைப் பற்றியது. ‘பிளேஸ் லெஃப்ட் பேக்’, ‘பிளேஸ் பாயிண்ட் கார்டு’ என்று வினைக்கு நேராக இடப்பெயரை வைக்கலாம். ‘ஆஸ்’ சேர்த்தால் அது நம் ‘ஆக’ என்பதற்கு இணை: ‘பிளேஸ் ஆஸ் எ ஸ்ட்ரைக்கர்’. ஆனால் ‘ஆஸ்’ இடத்தைச் சொல்வதில்லை, வேலையைச் சொல்கிறது. அதனால்தான் ‘ஆஸ் எ விங்கர்’ என்று ஆளைக் குறிக்கும் சொல் வருகிறது; விளிம்பைக் குறிக்கும் ‘விங்’ அங்கே வருவதில்லை. லியோனல் மெஸ்ஸி பார்சிலோனாவில் பத்தாம் எண் சட்டையை அணிந்துகொண்டு ‘ஆஸ் எ ஃபால்ஸ் நைன்’, அதாவது முன்கள நடுவிலிருந்து பின்னிறங்கி வந்து, ஆடிய காலத்தை இதற்குக் காட்டுகிறார்கள். சட்டை எண்ணும் இட எண்ணும் இரண்டு வேறு செய்திகள் என்பதால் ‘வோர் த நம்பர் டென்’ என்பதையும் ‘பிளேட் ஆஸ் எ நம்பர் டென்’ என்பதையும் மாற்றி எழுதக் கூடாது என்று அவர்கள் எச்சரிப்பது மிகச் சரி.

‘த’, ‘எ’ ஆகிய ஆர்ட்டிகிள்களுக்கான பாடம்தான் இந்த வகுப்பின் மிகப் பலவீனமான பகுதி. பதினெட்டு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். ஆர்ட்டிகிளே இல்லாத மொழி பேசும் நமக்கு வேண்டியிருந்தது இதைப் போல மூன்று மடங்கு. ‘இன் கோல்’ என்பதில் ‘த’ இல்லை என்று சொல்கிறார்களே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் நோயாளியாகச் சேர்ந்தவர் ‘இன் ஹாஸ்பிட்டல்’ என்பதை நினைத்துக்கொண்டால் விளங்கும். அங்கே கட்டடம் முக்கியமில்லை, அதில் அவருக்குள்ள நிலைதான் முக்கியம். கோல்கீப்பருக்கும் அப்படியே. பந்து உள்ளே போய்க் கிடந்தால் அது ‘இன் த கோல்’. அங்கே கம்பமும் வலையும்தான் பேச்சு. ‘ஆஸ் கேப்டன்’ என்பதில் ஆர்ட்டிகிள் விழுவதற்குக் காரணம், ஓர் அணிக்குக் கேப்டன் ஒருவரே என்பது. ஸ்ட்ரைக்கர்கள் பலர் இருக்கக்கூடும். எனவே ‘ஆஸ் எ ஸ்ட்ரைக்கர்’.

இந்த எண்ணிக்கைக் கணக்கை அவர்கள் முழுதாகச் சொல்லியிருந்தால் ‘ஃபுல் பேக்’ என்ற சொல்லுக்கு ஒரு பாடமே எடுத்திருக்கலாம். ரக்பியில் 15ஆம் எண் அணிந்து எல்லாருக்கும் பின்னால் தனியாக நிற்பவர் ‘த ஃபுல் பேக்’. ஓர் அணிக்கு ஒருவர். கால்பந்தில் இடப்புறம் ஒருவர், வலப்புறம் ஒருவர் என இருவர் இருப்பதால் ‘எ ஃபுல் பேக்’ அல்லது ‘ஒன் ஆஃப் த ஃபுல் பேக்ஸ்’. ஆட்டம் தெரியாதவர் இலக்கணத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சரியாக எழுத முடியாது. கால்பந்தில் பின்னால் நடுவில் நிற்பவருக்கு ‘சென்டர் ஹாஃப்’ என்று பெயர் வந்த கதையையும் இங்கேயே சொல்லியிருக்கலாம். பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐவர் என்ற பழைய 2-3-5 அமைப்பில் அவர் நடுவரிசை மூவரில் நடுவில் நின்றார். 1925இல் ஆஃப்சைடு விதி மாறி, தாக்குபவருக்கு முன்னால் எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும் என்பது இருவர் என்று குறைந்த பிறகு, காவலுக்காக அவரைப் பின்னால் இழுத்தார்கள். ஆள் பின்னால் போனார், பெயர் நடுவிலேயே நின்றுவிட்டது.

இடம், வலம் யாருடையது என்ற ஒன்பதாம் பாடம் சுருக்கமானது, ஆனால் கூர்மையானது. கால்பந்தில் லெஃப்ட் பேக் தன் அணி தாக்கும் திசையை நோக்கி நின்றால் அவருக்கு இடப்புறத்தில் இருப்பவர். பேஸ்பாலில் ‘லெஃப்ட் ஃபீல்ட்’ பந்தை அடிப்பவரின் பக்கமிருந்து பார்த்த இடப்புறம். அங்கே நின்று அடிப்பவரைப் பார்க்கும் ஆட்டக்காரருக்கு அது வலப்புறமாக இருக்கும். கிரிக்கெட் இரண்டையும் விட்டுவிட்டு, பேட் பிடிப்பவரின் நிலையை வைத்து ஆஃப், லெக் என்று பிரிக்கிறது. இடக்கை ஆட்டக்காரர் எதிர்கொள்ள வந்தால் பாயிண்ட் என்ற பெயரே மைதானத்தின் மறுபுறத்துக்குப் போய்விடுகிறது. இக்காரணத்தால்தான் கோல்கீப்பர் பாய்ந்த திசையை எழுதும்போது ‘டு ஹிஸ் லெஃப்ட்’ அல்லது ‘டு ஹெர் லெஃப்ட்’ என்று உடைமைச் சொல்லைச் சேர்க்கச் சொல்கிறார்கள். நம் மொழியில் ‘தன் இடப்புறம்’ என்று எழுதினால் அதே வேலை நடந்துவிடும். எனக்கு இது சிரமமாக இல்லை.

‘உடன்’ என்பதுதான் சிரமப்படுத்தும். மூன்றாம் வேற்றுமையின் உடனிகழ்ச்சிப் பொருளை வைத்து, ‘எதிரணியுடன் மோதினோம்’ என்று எழுதுவது நமக்கு இயல்பு. அதை ‘பிளேட் வித்’ என்று ஆங்கிலமாக்கினால் எதிரணியும் நாமும் ஒரே அணியாகிவிடுவோம். ‘பிளேட் அகெய்ன்ஸ்ட்’ என்றுதான் எழுத வேண்டும். ‘ஓப்பண்ட் வித் கவாஸ்கர்’ என்றால் கவாஸ்கர் மறுமுனையில் நின்ற கூட்டாளி. இது பாடத்தில் இல்லை. சனிக்கிழமை வகுப்பில் நான் கேட்டபோது ஆசிரியர் வியந்து, தமிழின் உருபைப் பற்றிக் கால் மணி நேரம் விசாரித்தார்.

இனிக் குறைகள். ஆசிரியர் இருவரும் தத்தம் நாட்டு வழக்கைப் பேசுகிறார்கள்; எது யாருடையது என்று குறித்துக் காட்டுவதில்லை. ஐந்தாம் பாடத்தில் ‘இன் டிஃபென்ஸ்’ என்று படித்தவர் எட்டாம் பாடத்தில் ‘ஆன் டிஃபென்ஸ்’ என்று கேட்கும்போது முன்னது தவறோ என்று மயங்குவார். முன்னது பிரிட்டிஷ், பின்னது அமெரிக்கம் என்று ஒரு வரி போதுமானது; அந்த ஒரு வரி இல்லை. அணியின் பெயருக்கு ஒருமை வினையா, பன்மை வினையா என்பதிலும் இதே குழப்பம். கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. அவ்விதிகளில் 2021இலேயே ‘பேட்ஸ்மேன்’ என்பதை ‘பேட்டர்’ என்று மாற்றிவிட்டது. பயிற்சி நூலின் முன்பாதியில் பழைய சொல்லும் பின்பாதியில் புதிய சொல்லும் இருக்கின்றன.

பயிற்சிகளைத் திருத்துவது கணினி. அதற்கு ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே விடைதான் தெரியும். ‘இன் த கல்லி’ என்று எழுதினேன், சிவப்புக் குறி விழுந்தது. விடைத்தாளில் ‘அட் கல்லி’. வர்ணனைகளில் இரண்டும் வழங்குகின்றன. ‘பிளேஸ் லெஃப்ட் பேக்’ என்று ஆறாம் பாடத்தில் அவர்களே கற்றுத் தந்ததை எழுதியதற்கும் சிவப்புதான். பேஸ்பாலில் முதல் பேஸைக் காக்கும் ஆட்டக்காரருக்கு ‘அட் ஃபர்ஸ்ட்’, அங்கே ஓடி வந்து காலூன்றி நிற்கும் எதிரணிக்காரருக்கு ‘ஆன் ஃபர்ஸ்ட்’ என்று மிக அழகாக ஓரிடத்தில் விளக்கிவிட்டு, விடைத்தாளில் இரண்டையும் இடம் மாற்றி அச்சிட்டிருக்கிறார்கள். சுட்டிக்காட்டினேன், சனிக்கிழமை வகுப்பில் ஒப்புக்கொண்டார்கள். ஆறு வாரம் முடியும்வரை விடைத்தாள் திருத்தப்படவில்லை. சொற்களுக்கிடையே கோடு போடுவது பற்றிய பகுதியும் மேலோட்டமானது. கோடு விட்டுப்போன ‘லெஃப்ட் பேக்’, ஆளைக் கூட்டிப் போகாமல் உடைமாற்றும் அறையிலேயே விட்டுவந்ததாகப் பொருள்படும் என்ற பழைய நகைச்சுவை மட்டும் நினைவில் நிற்கிறது.

நமக்குப் பெரிய குறை, நாம் ஆடும் ஆட்டங்கள் இல்லாதது. கபடியில் லெஃப்ட் கார்னர், ரைட் இன், கவர் ஆகியவற்றுக்கு ஒரு வரியும் இல்லை. நெட்பால் இல்லை, யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் இலங்கை அணிக்கு ஆடிய கோல் ஷூட்டர் இடம், ஆட்டக்காரரின் மேலாடையிலேயே எழுத்தாக ஒட்டப்பட்டிருக்கும், முன்னிடைச்சொல் இல்லாமல் ‘பிளேஸ் கோல் ஷூட்டர்’ என்று எழுதுவதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. வாலிபால் இல்லாததை எங்களூரில் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

ஆங்கில நாளிதழை அகராதி இல்லாமல் படிக்கக்கூடியவர், ஏதாவது ஓர் ஆட்டத்தை ஆடியோ தொடர்ந்து பார்த்தோ அறிந்தவர் சேரலாம். பாடங்களில் பாதிக்கு மேல் பயன்படும். கணினி போடும் மதிப்பெண்ணைப் பொருட்படுத்த வேண்டாம். சந்தேகங்களைத் தாளில் குறித்துவைத்துச் சனிக்கிழமை வகுப்பில் கேட்பதுதான் பணத்துக்கு ஈடு. அடிப்படை ஆங்கிலத்துக்கே தமிழில் விளக்கம் தேவைப்படுகிறவருக்கு இது உதவாது. ஆர்ட்டிகிள் பாடத்தில் திகைத்து நின்றுவிடுவார். நானாக இருந்தால் பயிற்சி நூலைத் தனியே விற்றால் வாங்க மாட்டேன். மூன்றாம், நான்காம், ஐந்தாம், ஒன்பதாம் பாடங்களைத் தனியே விற்றால் உடனே வாங்குவேன்.

வாலிபாலில் இடங்களை ஆங்கிலத்தில் எழுதும் முறைக்கான தாளை இப்போது மாணவர்களும் நானும் சேர்ந்து தயாரித்துவருகிறோம். சர்வீஸ் போடும் நேரத்தில் ஒவ்வொருவரும் சுழற்சிப்படி ஒன்று முதல் ஆறு வரையிலான கட்டங்களில் நிற்க வேண்டும் என்பதால், அடிப்பவருக்குப் பந்தை எழுப்பித் தரும் ஒரு செட்டர் ‘இன் பொசிஷன் ஒன்’ நின்றுகொண்டே ‘ஆஸ் எ செட்டர்’ ஆட முடியும் என்பதுவரை உடன்பாடு ஏற்பட்டுவிட்டது. சர்வதேச ஆட்டத்துக்கு 1998இல் வந்த லிபரோவுக்குத்தான் இன்னும் தகராறு நடக்கிறது: பின்வரிசையில் மட்டும் நிற்கும் அவரை ‘அட் லிபரோ’ என்று எழுத வேண்டும் என்கிறார் எங்கள் அணித்தலைவர், ‘ஆஸ் லிபரோ’ போதும் என்கிறேன் நான்.